சிவப்பு நூல் முடிச்சு

மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து தருகிறேன் என்று மனைவியிடமிருந்து தொண்ணூறு சார் வாங்கியபோது, அதில் ஒரு திருகாணி மட்டும்தான் காணாமல் போயிருந்தது. பத்து நிமிஷம் பாடுபட்டுத் திருப்பிக் கொடுத்தபோது, காதில் மாட்டும் கம்பி ஒன்று தனியாகக் கழன்று வந்திருந்தது.

"முடிஞ்சுதாங்க?"

"உம்."

"இது ரெண்டா இருக்கே!"

"உம்."

"உம்முன்னா? இது இல்லாட்டி எனக்கு என் கையே தெரியாது. கப்பல்ல வந்துட்டுக் கடலைக்கூடப் பார்க்காமத் திரும்பணுமா?"

அவள் கேட்டது நியாயம்தான். அப்பா ஓய்வு பெற்றுவிட்டார், இனியாவது இரண்டு பேரும் நாலு ஊர் பார்க்கட்டும் என்று மகள் ஆசையாக அனுப்பிவைத்த பயணம் இது. ஐந்தாவது நாளான இன்று கப்பல் ஏதோ ஒரு துறைமுகத்தில் நின்றுகொண்டிருந்தது. நாலு மணிக்குக் கிளம்பும், மூன்றரைக்குள் எல்லோரும் ஏறிவிட வேண்டும், ஊருக்குள் காற்று பலமாக இருக்கும் என்று ஒலிபெருக்கி காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தது.

"ஊருக்குள்ள ஒரு கண்ணாடிக் கடை இல்லாமலா போயிடும்? நான் போய்ச் சரிபண்ணிட்டு வந்துடறேன்."

"அப்ப அந்தக் கோட்டைப் போட்டுக்குங்க. மஃப்ளரை நல்லாச் சுத்திக்குங்க. தொப்பி மறக்காதீங்க. மூணரைக்குள்ள வந்துடணும், கேக்குதா?" என்று அவள் கொக்கியில் தொங்கிய கோட்டைப் பார்த்துக் கண்டிப்பாகச் சொன்னாள்.

"நான் இந்தப் பக்கம் இருக்கேன்."

"எந்தப் பக்கம் இருந்தா என்ன? எப்படியும் உம்முன்னுதான் சொல்லப்போறீங்க."

"உம்" என்றார் தொண்ணூறு சார்.

அவருக்கு வயது தொண்ணூறு இல்லை, அறுபத்தொன்றுதான். ஒரு பெரிய ரயில் நிலையத்தின் தொலைந்த பொருள் அலுவலகத்தில் முப்பத்து நாலு வருஷம் உட்கார்ந்திருந்தவர். வண்டியில் விட்டுப்போன குடை, பை, ஒற்றைச் செருப்பு, ஒரு தடவை யாரோ ஒருவருடைய முழுப் பல்செட்டு என்று எல்லாம் அவர் அலமாரிக்குத்தான் வரும். அடையாளம் சொன்னால் பொருளை எடுத்துக்கொண்டு போகலாம். சொல்லத் தெரியாவிட்டால் பொருள் அங்கேயே இருக்கும். தொண்ணூறாவது நாள் சாயங்காலம் ஜன்னல் இல்லாத ஒரு வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும். அந்தக் கணக்கில் வந்த பேர்தான் தொண்ணூறு சார். எங்கே கொண்டுபோகிறார்கள் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

ஒரு முறை ஒரு பெண் தகரப் பெட்டி ஒன்றுக்காகக் கவுன்ட்டர் முன்னால் நின்று அழுதாள். "உள்ளே என் பொண்ணோட சட்டை இருக்குங்க ஐயா." தொண்ணூறு சார் நிமிராமல், "சட்டையில எத்தனை பொத்தான்?" என்றார். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. பெட்டி வண்டியில் போய்விட்டது. முகத்தைப் பார்த்தால் மனசு இளகும், மனசு இளகினால் பொருள் மாறிப்போகும் என்பது அவர் கட்சி. வீட்டிலும் அதே கட்சிதான். "முப்பத்தஞ்சு வருஷத்துல என் முகத்தைவிட என் கைப்பையைத்தான் அதிகமாப் பார்த்திருக்கீங்க" என்று மனைவி சொல்வதுண்டு. கூட்டத்தில் அவளைக் கண்டுபிடிக்க அவர் கைப்பையைத்தான் தேடுவார் என்பது உண்மை.

கோட்டைப் போட்டுக்கொண்டு, கப்பல்காரர்கள் கொடுத்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, உடைந்த கண்ணாடியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவர் இறங்கினார்.

துறைமுக வாசலில் காவலர் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன அறை இருந்தது. அதன் பலகையைப் படித்ததும் தொண்ணூறு சாருக்குச் சொந்தக்காரரைப் பார்த்தது போல இருந்தது. தொலைந்த பொருள் அலுவலகம்! ஜன்னலுக்குப் பின்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா சிவப்புக் கம்பளி நூலில் ஏதோ பின்னிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் அலமாரி நிறையத் தொப்பிகளும் குடைகளும் பைகளும் இருந்தன. ஒவ்வொன்றிலும் தேதி எழுதிய சீட்டு தொங்கியது. சுவரோரம் நீளமான பெஞ்சு ஒன்றில் நாலைந்து பேர் கையை மடியில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"நானும் இதே வேலைதாம்மா. முப்பத்து நாலு வருஷம்" என்றார் தொண்ணூறு சார்.

"அப்படியா சார்! ரொம்ப சந்தோஷம்."

"இங்க எத்தனை நாள் வச்சிருப்பீங்க?"

"தொண்ணூறு நாள்."

தொண்ணூறு சாருக்குப் புல்லரித்துவிட்டது. "அப்புறம் வண்டி வருமா?"

"வரும் சார். சாயங்காலம்." அந்த அம்மா பின்னல் ஊசியால் வெளியே காட்டினார். ஜன்னல் இல்லாத சாம்பல் நிற வண்டி ஒன்று சுவரோரம் நின்றது.

"அதோ உட்கார்ந்திருக்காங்களே, அவங்கெல்லாம்?"

"காத்திருக்காங்க சார்."

பொருளைத் தேடி வந்தவர்களை இப்படி வரிசையாக, அமைதியாக உட்கார வைக்கத் தன்னால் ஒருநாளும் முடிந்ததில்லையே என்று அவருக்குப் பொறாமையாக இருந்தது. வந்த வேலையை மறந்து வித்தையெல்லாம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார்.

"ஒண்ணு சொல்றேன் கேளுங்கம்மா. எங்க வீட்டுப் பொருள் எதுவும் தொலையாது. ஏன்னா எல்லாத்துலயும் ஒரு அடையாளம் வச்சிருக்கேன். இதோ, தொப்பிக்குள்ள சிவப்பு நூல் முடிச்சு. கோட்டுல உள்பை ஓரத்துல சிவப்பு நூல் முடிச்சு. மஃப்ளர் நுனியில முடிச்சு. யார் வந்து கேட்டாலும் சரி, முகத்தைப் பார்த்து எதையும் கொடுக்கக்கூடாது. அடையாளம் சரியா இருந்தா கொடுத்துடணும்."

"நல்ல யோசனை சார்" என்று அந்த அம்மா தலையாட்டினார்.

பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் மட்டும் நிமிர்ந்து அவரை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தார். ஏறக்குறைய தொண்ணூறு சாரின் உயரம், அதே வயது. தொழிலில் ஆர்வம் உள்ளவர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தொண்ணூறு சார் வெளியே நடந்தார்.

ஊர் விசித்திரமாக இருந்தது. தெரு நெடுகச் சுவரோடு சுவராகக் கயிறு கட்டியிருந்தது. ஆட்கள் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தார்கள். கடைப் பலகைகளைச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள். மதியம் பன்னிரண்டரை மணி, நல்ல வெளிச்சம். ஆனாலும் ஒரு கதவும் திறந்திருக்கவில்லை. எங்கிருந்தோ ஓர் ஊளைச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. காற்றுதான் என்று அவர் தனக்குத்தானே இரண்டு முறை சொல்லிக்கொண்டார். ஒருவர் தலையிலும் தொப்பி இல்லை என்பதை அவர் கவனித்தபோது அவர் தலையிலும் தொப்பி இல்லை.

அது தெருக்கோடியில் உருண்டு போய்க்கொண்டிருந்தது. தொண்ணூறு சார் கயிற்றை விட்டுவிட்டு ஓடினார். கழுத்தில் தொங்கிய அட்டை காற்றில் எழும்பி அவர் கன்னத்திலேயே பட்பட்டென்று அறைந்தது. நின்று, அதைக் கழற்றிக் கோட்டின் உள்பையில் பத்திரமாக வைத்துவிட்டு மறுபடி ஓடினார். அதற்குள் தொப்பி மூலை திரும்பிவிட்டது.

மூலையில் கப்பல் கயிறு விற்கும் கடை இருந்தது. கடைக்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"ஐயா, ஒரு தொப்பி இந்தப் பக்கம்..."

"சாம்பல் கலர்தானே? நான்தான் பிடிச்சேன். இப்பத்தான் சொந்தக்காரர் வந்து வாங்கிட்டுப் போனார்."

"நான்தான் சொந்தக்காரன்!"

"அவர் அடையாளம் சொன்னாரே சார். உள்ளே சிவப்பு நூல் முடிச்சு இருக்கும்னார். பார்த்தேன், இருந்துச்சு. கொடுத்துட்டேன்."

கடைக்காரர் இடத்தில் தொண்ணூறு சார் இருந்தாலும் அதைத்தானே செய்திருப்பார்!

போனால் போகிறது தொப்பி, கண்ணாடிதான் முக்கியம் என்று மனசைத் தேற்றிக்கொண்டு நடந்தார். கண்ணாடிக் கடை இரண்டு தெரு தள்ளி, சந்துகளுக்குள்ளே இருந்தது. சந்துகள் எல்லாம் ஒன்றுபோலவே இருந்ததால் திரும்பி வரும்போது வழி தவறிவிடுமோ என்று பயம் வந்தது. அதற்கும் அவரிடம் வித்தை இருந்தது. மஃப்ளரைக் கழற்றிச் சந்து முனையில் இருந்த இரும்பு வளையத்தில் இறுக்கிக் கட்டிவிட்டு உள்ளே போனார்.

கடைக்காரர் கண்ணாடியை வாங்கித் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"வீட்டுக்காரம்மாவோடதா?"

"உம்."

"மாத்துக் கண்ணாடி வச்சிருக்காங்களா?"

"இல்ல. அதனாலதான் ஓடி வந்தேன்."

"சீக்கிரம் கொண்டுபோங்க சார். இது இல்லாம அவங்களுக்குக் கதவு எது, ஆள் எதுன்னே தெரியாது."

சின்ன வேலைதான், ஆனால் மின்சாரம் இல்லை. கையால் செய்து முடிக்க மணி இரண்டேகால் ஆகிவிட்டது. கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு தொண்ணூறு சார் வெளியே வந்தார். இனி மஃப்ளரைப் பார்த்துத் திரும்பவேண்டியதுதான்.

முதல் சந்து முனையில் மஃப்ளர் இல்லை. இரண்டாவதில் இல்லை. மூன்றாவதில் இரும்பு வளையம் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு மாடியிலிருந்து யாரோ எட்டிப் பார்த்து, "அதை அவிழ்த்துக்கிட்டுத்தானே போனீங்க? மறுபடி என்ன?" என்று கேட்டுவிட்டு ஜன்னலைச் சாத்தினார்கள்.

அப்போதுதான் அவர் பார்த்தார். ஐம்பது அடி தள்ளி, படிக்கட்டுத் தெரு ஒன்றில், சாம்பல் தொப்பியும் பழுப்பு மஃப்ளருமாக ஒரு முதுகு மேலே ஏறிக்கொண்டிருந்தது. இடது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. கால் கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திரும்பியது. அட, நான் பின்னாலிருந்து இப்படித்தான் இருப்பேனா என்று அவருக்குத் தோன்றியது.

"சார்! ஹலோ! அந்தத் தொப்பி!"

முதுகு நின்றது. தொப்பியை மரியாதையாக ஒரு விரற்கடை தூக்கிவிட்டு மறுபடி ஏற ஆரம்பித்தது. திரும்பவே இல்லை.

தொண்ணூறு சார் படியில் கால் வைத்ததும் காற்று கோட்டுக்குள் புகுந்து அவரைப் பின்னால் தள்ளியது. இரண்டு படி ஏறினால் ஒரு படி இறங்கினார். படியடியில் ஓர் அம்மா கதவைப் பாதி திறந்துவைத்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா, இந்தக் கோட்டை ஒரு அஞ்சு நிமிஷம் வச்சிருங்க. இது இருந்தா ஓட முடியல."

"உங்களுதுதானா?"

"உள்பை ஓரத்துல சிவப்பு நூல் முடிச்சு இருக்கும், பாருங்க."

அந்த அம்மா பார்த்தார். இருந்தது. தலையாட்டினார்.

கோட்டு இல்லாமல் தொண்ணூறு சார் பஞ்சாகப் பறந்து மேலே போனார். மேலே யாரும் இல்லை. ஒரு வெறும் திடலும், அதில் தானாகச் சுற்றும் ஒரு கம்பி வேலிக் கதவும் மட்டும் இருந்தன. திடலிலிருந்து பார்த்தால் கீழே துறைமுகமும் வெள்ளைக் கப்பலும் தெரிந்தன. மணி மூன்று. போதும் விளையாட்டு, கோட்டை வாங்கிக்கொண்டு கப்பலுக்குப் போய்விடுவோம் என்று இறங்கி ஓடிவந்தார்.

"கோட்டுங்களா?" என்றார் இஸ்திரி அம்மா. "இப்பத்தானே கொடுத்தேன்!"

"யார்கிட்ட?"

"உங்ககிட்டத்தான். தொப்பி போட்டுக்கிட்டு வந்தீங்க. சிவப்பு நூல் முடிச்சுன்னு சொன்னீங்க." அந்த அம்மா அவரைச் சந்தேகமாகப் பார்த்தார். "ஆமா, நீங்க யாரு?"

அந்தக் கேள்வியைக் கேட்டு முப்பத்து நாலு வருஷமாக அவர் எத்தனை பேரைத் திணறவிட்டிருப்பார்! இப்போது அவரே திணறினார். கோட்டுக்குள் கப்பல் அட்டை இருக்கிறது. அட்டையில் அவர் பேர் இருக்கிறது. அவர்மேல் இருப்பது வெறும் வெள்ளைச் சட்டை. அதில் முடிச்சு போடவேண்டும் என்று நினைத்திருந்தார், நேரம் கிடைக்கவில்லை.

"நான்தாம்மா நான்!" என்று சொல்லிப் பார்த்தார். அது அவருக்கே நம்பும்படியாக இல்லை. இஸ்திரி அம்மா கதவைச் சாத்தித் தாழ் போட்டார்.

அதன்பிறகு அவர் ஓடிய ஓட்டத்தை அவர் மனைவி பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டாள். கீழே போகும் தெரு என்று நினைத்தது மேலே போனது. காற்றுக்கு எதிரே ஓடினால் நின்ற இடத்திலேயே நின்றார், காற்றோடு ஓடினால் திரும்பவேண்டிய மூலையைத் தாண்டிப் போனார். கயிற்றைப் பிடித்தபடி எதிரே வந்தவர்களிடம் துறைமுகத்துக்கு வழி கேட்டார். ஒவ்வொருவரும், "கொஞ்சம் முன்னாடிதானே சொன்னேன்?" என்றுவிட்டு நகர்ந்தார்கள். தெரு கூட்டும் ஒருவர்தான் நின்று காது கொடுத்தார்.

"என் தொப்பி, என் மஃப்ளர், என் கோட்டு எல்லாத்தையும் போட்டுக்கிட்டு ஒரு ஆள் போறான் ஐயா!"

"அட, அவரைத் தெரியும். நல்ல மனுஷன். சம்சாரம் காத்துக்கிட்டிருக்கும்னு சொல்லிக்கிட்டு வேகமாப் போனார்."

தொண்ணூறு சாருக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. தொப்பி போகட்டும், கோட்டு போகட்டும். அறையில் ஒருத்தி கட்டிலில் உட்கார்ந்து கதவு எது, ஆள் எது என்று தெரியாமல் அவருக்காகக் காத்திருக்கிறாள். அவள் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். கைப்பைதான் வந்தது. பழுப்புத் தோல், வலது ஓரத்தில் கீறல், உள்ளே சிவப்பு முடிச்சு. முகம் எப்படியிருக்கும்? மூக்குத்தி வலப்பக்கமா, இடப்பக்கமா? தெருவென்றும் பாராமல் அவருக்குக் கண்ணில் நீர் வந்தது. ஏறியதும் முதல் வேலையாகக் கண்ணாடியை அவளுக்கு மாட்டிவிட்டு, எதிரே உட்கார்ந்து ஒரு மணி நேரம் அவள் முகத்தையே பார்க்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு ஓடினார்.

துறைமுக வாசலை அடைந்தபோது மணி நாலுக்குப் பத்து நிமிஷம் இருந்தது. கப்பலின் படியைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அட்டை?" என்றார் காவலர்.

"கோட்டுல இருக்கு."

"கோட்டு?"

"அது... தொலைஞ்சுபோச்சு."

"தொலைஞ்சதுன்னா அந்த ஜன்னல்" என்று காவலர் கை காட்டினார்.

தொண்ணூறு சார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். அந்த அம்மா இன்னும் பின்னிக்கொண்டுதான் இருந்தார்.

"அம்மா, என்னைத் தெரியுதா? காலையில வந்தேனே! கப்பலை நிறுத்தச் சொல்லுங்க. என் சம்சாரம் தனியா இருக்கா!"

"தனியா இல்ல சார். ஒரு அரை மணி முன்னாடி ஒரு அம்மா, கப்பல் பொண்ணு ஒருத்தி கையைப் பிடிச்சுக்கிட்டு இங்க வந்தாங்க. கண்ணு சரியாத் தெரியல பாவம். வீட்டுக்காரரைக் காணோம்னாங்க. வழக்கம்போல அடையாளம் கேட்டேன். சாம்பல் தொப்பி, பழுப்பு மஃப்ளர், கறுப்புக் கோட்டு, எல்லாத்துலயும் சிவப்பு நூல் முடிச்சுன்னாங்க. உள்ளே பார்த்தேன், ஒருத்தர் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஒரு முடிச்சுகூடக் குறையல. அட்டையும் சரியா இருந்துச்சு. கையெழுத்து வாங்கிக்கிட்டு அனுப்பிட்டேன்."

"முகம்? முகத்தைப் பார்க்க வேணாமா?"

"பார்க்கக்கூடாதுன்னு காலையில நீங்கதானே சார் சொன்னீங்க?"

"அவன்... அந்த ஆள் என்ன பேசினான்?"

"ஒண்ணும் பேசல. எங்க போய்த் தொலைஞ்சீங்கன்னு அந்த அம்மா திட்டிக்கிட்டே போனாங்க. அவர் உம், உம்முன்னு கேட்டுக்கிட்டே போனார்."

அத்துடன் தொண்ணூறு சாரின் கடைசி நம்பிக்கையும் போயிற்று. அவள் கண்டுபிடிக்கவே மாட்டாள்.

கப்பல் ஊதியது. மேல்தளத்துக் கம்பிக்குப் பின்னால் இரண்டு பேர் நிற்பது தெரிந்தது. ஒருத்தி பக்கத்திலிருந்தவரின் மஃப்ளரை இழுத்துச் சரியாகச் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தாள். அவர் குனிந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தொண்ணூறு சார் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து உயரத் தூக்கிப் பிடித்து, தொண்டை கிழியக் கத்தினார். காற்று அந்தச் சத்தத்தை அப்படியே ஊர்ப் பக்கம் கொண்டுபோனது. கரையில் யாரோ கை ஆட்டுகிறார்கள் என்று மட்டும் தெரிந்திருக்கும் போலிருக்கிறது, அவளும் பதிலுக்குக் கை ஆட்டினாள். கப்பல் நகர்ந்தது.

அது சின்னதாகும் வரை அவர் நின்றுகொண்டிருந்தார். பிறகு யாரோ மெதுவாகத் தோளைத் தொட்டு உள்ளே கூட்டிப்போனார்கள். பெஞ்சில் இருந்தவர்கள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்கள். ஓரத்து இடம் காலியாக இருந்தது. அவர் உட்கார்ந்தபோது அந்தப் பலகை இன்னும் லேசாகச் சூடாக இருந்தது.

பின்னல்கார அம்மா உருண்டையிலிருந்து ஒரு துண்டு சிவப்பு நூலை வெட்டி வந்து அவர் மணிக்கட்டில் சுற்றி, அழகாக ஒரு முடிச்சு போட்டார். ஒரு சீட்டில் இன்றைய தேதியை எழுதி அதில் தொங்கவிட்டார்.

"இவங்களுக்கெல்லாம் காலையிலேயே கட்டிட்டேன் சார். நல்ல யோசனை. யாராவது வந்து கேட்டா உடனே கொடுத்துடலாம்."

தொண்ணூறு சார் பக்கத்தில் இருந்தவர்களின் மணிக்கட்டுகளைப் பார்த்தார். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். ஒருவரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே அந்த ஜன்னல் இல்லாத வண்டியின் கதவு காற்றில் ஒரு தடவை திறந்து மூடியது.

"அம்மா, அந்த ஆள்... அவன் யாரு?"

அந்த அம்மா பெரிய நோட்டைப் புரட்டி, விரல் வைத்துத் தேடி, ஒரு வரியை அடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"யாரோ சார், வேற ஏதோ கப்பல்ல வந்தவர். பாவம், அவருக்கு இன்னிக்கு எண்பத்தொன்பதாவது நாள்."